எஸ்ஆர்யூ-வில் கந்தகம் கறுத்து வருகிறது, உலை வெப்பமும் ஏறவில்லை. உதவுங்கள்

கேள்வி
வணக்கம். இயற்கை எரிவாயு ஆலையில் கந்தக மீட்பு யூனிட்டில் (எஸ்ஆர்யூ) கண்ட்ரோல் பேனல் பார்க்கிறேன். பத்து நாளாக லுக் பாக்ஸ் (உருகிய கந்தகம் ஓடுவதைப் பார்க்கும் பெட்டி) மூடியைத் திறந்தால், தேன் மாதிரி ஓட வேண்டிய கந்தகம் கலங்கலாக ஓடுகிறது. ஒரு கரண்டி எடுத்து ஆறவிட்டோம், உறைந்ததும் சிமெண்ட் நிறம். முன்பு 1,150 டிகிரியில் நின்ற உலை இப்போது 1,020-ஐத் தாண்டவில்லை. உலைக்கு அடுத்து, கேட்டலிஸ்ட் (வினையூக்கி) இருக்கும் முதல் கன்வெர்ட்டரில் பிரஷர் டிராப் (உள்ளே போகும், வெளியே வரும் அழுத்தங்களின் வித்தியாசம்) ஏறுகிறது. காற்றைக் கூட்டினால் டெயில் கேஸில் (கடைசியில் வெளியேறும் வாயுவில்) சல்ஃபர் டை ஆக்சைடு எகிறுகிறது. பர்னர் போய்விட்டதா?

பதில் 1
தம்பி, பர்னரைக் கழற்றுவதற்கு முன்னால் கேஸைப் பாருங்கள். உலைக்கு வரும் ஆசிட் கேஸின் (ஹைட்ரஜன் சல்ஃபைடு உள்ள வாயு) லேப் ரிசல்ட் என்ன?

கேட்டவர்
ஹைட்ரஜன் சல்ஃபைடு 88 சதவீதம் இருந்தது, இப்போது 62. மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. பென்சீன், டொலுயீன், சைலீன் சேர்ந்து 1,500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1,500 பங்கு). போன மாதம் புதுக் கிணற்று கேஸ் சேர்த்தார்கள் அண்ணே.

பதில் 1
அதுதான் காரணம். கார்பன் டை ஆக்சைடு எரியாது, சூட்டை மட்டும் வாங்கிக்கொள்ளும். அதனால்தான் சுடர் குளிர்ந்துவிட்டது. பென்சீன் வகையறா முழுதாக அழிய 1,050 டிகிரிக்கு மேல் வேண்டும். உங்கள் உலையில் அது தப்பித்துப் போய், கன்வெர்ட்டர் கேட்டலிஸ்ட் மேல் கரியாகப் படிகிறது. டொலுயீனும் சைலீனும் பென்சீனைவிட மோசம். கந்தகத்தில் தெரிவதும் கரிதான்.

காற்றுக் கணக்கும் கெடும். கந்தகம் எடுக்கும் இந்த க்ளாஸ் முறையில் மூன்றில் ஒரு பங்கு ஹைட்ரஜன் சல்ஃபைடைத்தான் எரிக்கிறோம். அதனால் உள்ளே வரும் மொத்த ஹைட்ரஜன் சல்ஃபைடில் ஒரு பங்குக்கு அரைப் பங்கு ஆக்சிஜன் போதும். ஒரு பங்கு பென்சீன் முழுதாக எரிய ஏழரைப் பங்கு வேண்டும், அதாவது பதினைந்து மடங்கு!

பதில் 2
ஆசிட் கேஸில் கொஞ்சத்தை பைபாஸ் பண்ணி உலைக்குப் பின்னால் விடுங்கள். சுடர் சூடாகிவிடும்.

பதில் 1
சுத்தமான கேஸ் என்றால் சரிதான் சார். இங்கே வேண்டாம். பைபாஸில் போகும் பென்சீன் சுடரையே பார்க்காது, நேரே கேட்டலிஸ்டில் போய் உட்காரும். முதலில் காற்றையும் ஆசிட் கேஸையும் உலைக்கு முன்பே நன்றாக ப்ரீஹீட் (சூடு) செய்யுங்கள். போதவில்லை என்றால் காற்றில் ஆக்சிஜன் சேர்க்கலாம். மொத்த ஆக்சிஜன் சுமார் 28 சதவீதம் வரை சாதாரண பர்னரே தாங்கும், ஆனாலும் டிசைன் ஆட்களைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

கேட்டவர்
காற்று ப்ரீஹீட்டரில் ஸ்டீம் வால்வு பாதி மூடியிருந்தது! திறந்ததும் காற்று 110-லிருந்து 220 டிகிரிக்குப் போனது, உலை இப்போது 1,075. இன்று காலை கந்தகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. பிரஷர் டிராப் மட்டும் இறங்கவில்லை.

பதில் 1
இறங்காது தம்பி, படிந்த கரி படிந்ததுதான். அடுத்த ஷட்டவுனில் கேட்டலிஸ்டின் மேல் அடுக்கை மாற்றச் சொல்லி இப்போதே எழுதி வையுங்கள். அப்புறம், லுக் பாக்ஸ் திறக்கும்போது மூச்சுக்கருவி கட்டாயம். ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பிபிஎம் வந்தாலே மூக்கு மரத்துவிடும், வாசனை தெரியாது. தனியாகப் போகாதீர்கள்.