ஸ்கீ டூரிங்குக்கு ‘ஏறுசறுக்கு’ சரிவருமா? கூடவே தடவோரம், தடப்புறம், பனிச்சரிவு

வணக்கம் நண்பர்களே,

இந்த விவாத இழை முழுவதையும் படித்துவிட்டு எழுதுகிறேன். தொடங்கிவைத்தவர் கேட்டிருப்பது, ரிசார்ட்டின் சறுக்குத் தடங்களை ஒட்டி ஒரு குழு நாள் முழுக்க ஸ்கீ டூரிங் போவதற்கான கையேட்டுக்குச் சொற்கள். படிப்பவர் அதை நம்பிப் பனியில் இறங்கப்போகிறார். அதனால் ஒரு சொல் காதுக்கு இனிக்கிறதா என்பதைவிட, அதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதைத்தான் முதலில் பார்த்தேன்.

> ஸ்கீ டூரிங் = பனிச்சறுக்குச் சுற்றுலா

இது வேண்டாம். சுற்றுலா என்றதும் விடுதியும் விமானச் சீட்டும்தான் மனதில் வரும். இங்கே நடப்பதே வேறு. மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டை நம்பாமல், ஸ்கீ என்ற சறுக்குப் பலகையின் அடியில், பின்னே வழுக்காமல் பிடிக்கும் ஸ்கின் என்ற பட்டையை ஒட்டி, குதிகாலைப் பலகையோடு பூட்டாமல் விட்டு, சொந்தக் காலால் மலை ஏறுகிறார்கள். மேலே போனதும் ஸ்கின்னைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, குதிகாலைப் பூட்டிச் சறுக்கி இறங்குகிறார்கள். நாளின் பெரும்பகுதி ஏற்றத்திலேயே போய்விடும். ஏற்றத்தைச் சொல்லாத பெயர் பாதிப் பெயர்தான். ஆகவே முன்பு ஒருவர் தந்த ‘ஏறுசறுக்கு’ என் வாக்கையும் பெறுகிறது.

> சாண் ஏற முழம் சறுக்குகிற கதை ஆகிவிடாதா?

சிரித்துவிட்டேன். பழமொழியில் சறுக்குவது தோல்வி; இவர்கள் சறுக்குவதற்காகவே ஏறுகிறவர்கள். இலக்கணம் பார்ப்பவர்கள் இன்னொன்று கேட்கலாம்: வினைத்தொகையை விரித்தால் ‘ஏறும் சறுக்கு’ என்றல்லவா வரும், மேல்நோக்கிச் சறுக்குவார்களா என்று. ஆமாம், அப்படித்தான் ஏறுகிறார்கள். பழகியவர்கள் ஸ்கீயைத் தூக்கித் தூக்கி வைப்பதில்லை, பனியை விட்டு எடுக்காமல் முன்னே வழுக்கித் தள்ளுவார்கள். தூக்கி வைத்தால் சீக்கிரம் களைத்துப்போவோம்.

‘மலையேற்றப் பனிச்சறுக்கு’ என்பதைப் போட்டி விளையாட்டுக்கு விட்டுவிடலாம். 2026 மிலான்–கொர்தினா குளிர்கால ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது அதுதான். கொடுமுடி, கயிறு, பனிக்கோடரி என்று போகிறவர்களுக்கும் அது பொருந்தும். தடத்தை ஒட்டி ஒரு நாள் ஏறி இறங்கும் குழுவுக்கு அவ்வளவு கனமான பெயர் தேவையில்லை.

> ஸ்கின் = ஏறுதோல்

வரலாற்றுப்படி சரிதான். ஒரு காலத்தில் சீல் என்ற கடல் விலங்கின் தோலைத்தான் கட்டினார்கள். இப்போது மோஹேர் (அங்கோரா ஆட்டு மயிர்), நைலான், அல்லது இரண்டும் கலந்தது. மோஹேர் நன்றாக வழுக்கும், நைலான் நாள்பட உழைக்கும். மயிர் பின்னோக்கிப் படிந்திருப்பதால் முன்னே போகும், பின்னே வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் கையேட்டில் ‘உச்சிக்குப் போனதும் தோலை உரிக்கவும்’ என்று ஒரு வரி வரும், பாருங்கள்! ‘ஏறுபட்டை’ என்று வைத்துக்கொள்வோம்.

இனி எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற சொல்.

> தடத்தை ஒட்டிய இடம், தடத்துக்கு வெளியே உள்ள இடம், இரண்டுக்கும் ‘தடப்புறம்’

இதை ஏற்கவே கூடாது என்பது என் கருத்து. புறம் என்றால் பக்கமும் ஆகும், வெளியும் ஆகும். சமவெளியில் எழுதுகிற நமக்கு அது சின்ன வேறுபாடு. மலையில் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் எல்லைக் கம்பு நிற்கிறது. கம்புக்கு உள்ளே ரிசார்ட் பனியைச் சமன் செய்கிறது, பனிச்சரிவு அபாயம் இருந்தால் வெடிவைத்துத் தளர்த்துகிறது, தேவைப்பட்டால் தடத்தையே மூடுகிறது. ஐரோப்பிய ரிசார்ட்டுகளில் கம்பைத் தாண்டிப் பத்தடி போனாலும் அந்தப் பொறுப்பு பொதுவாக அங்கே கிடையாது. பார்வைக்கு அதே பனி, அதே வெயில், பக்கத்திலேயே லிஃப்ட் ஓடுகிறது. அதனால்தான் அங்கே ஏமாறுவது சுலபம். மேலேயுள்ள சாய்வு 30 பாகைக்கு மேல் இருந்தால் பலகைபோல் இறுகிய பனிப்படலம் அப்படியே பெயர்ந்து வரலாம்.

ஆகவே கம்புக்கு உள்பக்கத்து விளிம்பு ‘தடவோரம்’. ஏறுகிறவர்கள் ஒற்றை வரிசையில் போகவேண்டிய இடம் இதுதான். சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் பத்து நடத்தை விதிகளில் ஏழாவது, நடந்து ஏறுகிறவரும் நடந்து இறங்குகிறவரும் தடத்தின் ஓரமாகவே போகவேண்டும் என்கிறது. சில ரிசார்ட்டுகள் ஏறுவோருக்குத் தனி வழி ஒதுக்குகின்றன. சில, தடத்தில் ஏறவே விடுவதில்லை. கம்புக்கு வெளியே இருப்பதற்குப் புதுச்சொல் தேடாமல் ‘காப்பற்ற பகுதி’ என்றே எழுதுவோம். கலைச்சொல் மாதிரி இல்லையே என்றால், இல்லாமலே இருக்கட்டும். முதல்முறை படிப்பவருக்கும் அர்த்தம் உறைக்க வேண்டும்.

இதே வகைச் சிக்கல் ‘பனிச்சரிவு’ என்பதிலும் இருக்கிறது. செய்தித்தாள்களில் அது மலையிலிருந்து பெயர்ந்து விழும் பனி. இந்த இழையிலேயே இரண்டு பேர் அதைப் பனி மூடிய மலைச்சாய்வுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ‘பனிச்சரிவைக் குறுக்காகக் கடக்கவும்’ என்ற வரியைக் கையேட்டில் நினைத்துப்பாருங்கள். மக்கள் நாவில் பழகிவிட்டதை மாற்ற முடியாது, அது விழுகிற பனிக்கே இருக்கட்டும். நிலத்துக்கு ‘சாய்வு’ என்று மட்டும் எழுதுவோம். ‘சரிவு’ என்ற சொல் தனியாகக்கூட வரவேண்டாம்.

> தேடுகருவி, ஒலிபரப்பி, உயிர்காட்டி (பீக்கனுக்கு)

பீக்கன் என்பது பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க ஒவ்வொருவரும் உடலில் அணியும் கருவி. ‘உயிர்காட்டி’ அழகான சொல். ஆனால் 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்புவதோடும், தேடும்போது அடுத்தவரின் சமிக்ஞையைப் பிடிப்பதோடும் அதன் வேலை முடிகிறது; புதைந்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று அது காட்டாது. தவிர, ஒருவர் புதைந்துபோனால் முதல் கால்மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தாக வேண்டும். அந்தப் பதற்றத்தில் ‘பீக்கனைத் தேடலுக்கு மாற்று’ என்றுதான் எவரும் கத்துவார்கள். பீக்கன் அப்படியே இருக்கட்டும். கூடவே போகும் ஆய்கோல் (பனியில் குத்திப் பார்க்கும் கோல்), மண்வாரி இரண்டுக்கும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

பட்டியலில் விட்டுப்போன ஒன்று: மாலையில் தடம் மூடியபின் பனி சமன் செய்யும் வண்டிகள், மேலே நங்கூரமிட்ட எஃகுக் கம்பிவடத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யும். வடம் வண்டியிலிருந்து மிகத் தொலைவுவரை நீண்டிருக்கும், பனிக்குள் புதைந்து கிடந்து திடீரென்று விறைத்து எழும். இருட்டில் தெரியாது, மோதினால் உயிர் போகும். ‘இழுவடம்’ என்று சொல்லலாம் என நினைக்கிறேன். கையேட்டில் தடம் மூடும் நேரத்துக்குப் பக்கத்திலேயே இந்தச் சொல்லும் எச்சரிக்கையும் வரவேண்டும்.

கடைசியாக, கிக் டர்ன். செங்குத்தான இடத்தில் வளைந்து வளைந்து ஏறும்போது, ஒரு ஸ்கீயை மட்டும் எதிர்த்திசைக்குத் திருப்பி ஊன்றி, அடுத்ததை உதறி இழுத்து அதன் பக்கத்தில் வைப்பது. ‘உதைதிருப்பம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார், எனக்கு ஒட்டவில்லை. ‘உதறுதிருப்பம்’ எப்படி? பரதத்திலோ சிலம்பத்திலோ இந்தக் கால் அசைவுக்கு ஏற்கெனவே பெயர் இருந்தால், அறிந்தவர்கள் சொல்லுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.