பெருந்தொற்றுக் கால மனநல ஆய்வு: கேள்வித்தாள் பற்றி ஆலோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. பொது சுகாதாரத்தில் முதுகலை ஆய்வு செய்கிறேன். கோவிட் வார்டுகளில் பணியாற்றிய செவிலியர்களின் மனநலம்தான் தலைப்பு. பெருந்தொற்றின் முதல் ஆண்டில் மனப்பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25% கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது. அந்தப் பாரம் இவர்களிடம் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

மனச்சோர்வை அளக்க பிஎச்கியூ-9 (PHQ-9) என்ற கேள்வித்தாளை எடுத்திருக்கிறேன். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி 9 கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். சிக்கல் கடைசிக் கேள்வியில். செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ தோன்றியதா என்று அது கேட்கும். என் கணக்கெடுப்பு இணையத்தில், பெயர் கேட்காமல் நடக்கப்போகிறது. ஒருவர் 'கிட்டத்தட்ட தினமும்' என்று குறித்தால், அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. அப்படியே விட்டுவிட மனம் ஒப்பவில்லை. அந்தக் கேள்வி இல்லாத பிஎச்கியூ-8-க்கு மாறலாமா? இல்லை, குறித்த உடனே உதவி எண் திரையில் வரும்படி செய்தால் போதுமா? நெறிமுறைக் குழு எதை ஏற்கும்?

அப்புறம், பெருந்தொற்றுக்கு முந்தைய அளவீடு கையில் இல்லை. 'அப்போது எப்படி இருந்தீர்கள்' என்று இப்போது கேட்டு வாங்கும் பதிலை எவ்வளவு நம்பலாம்? இப்படிப்பட்ட ஆய்வு செய்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.