கலிபோர்னியாவில் ஆங்கில இலக்கியம் படிக்கப் போகும் பிள்ளைக்குக் கட்டுப்படியாகும் கல்லூரி

ஃப்ரீமாண்ட், சான் ஹோசே, கூப்பர்டினோ பக்கம் புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது: "பொண்ணு இங்கிலீஷ் மேஜர்தான் எடுப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. இங்கே காலேஜ் செலவு தாங்குமா?"

தாங்கும். அவள் மனதை மாற்ற வேண்டாம். இந்த மாநிலத்தில் குறைந்த செலவில் நன்றாகப் படித்து முடிக்கக்கூடிய பாடங்களில் ஆங்கிலமும் ஒன்று. ஆனால் எந்தக் கல்லூரி என்று தேடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது உங்கள் விசாவும், நீங்கள் இங்கே வந்த தேதியும்.

யூசி எனப்படும் கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் மாநிலக் குடியிருப்பாளருக்குக் கல்விக் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 15,000 டாலர். குடியிருப்பாளர் இல்லையென்றால் அதற்கு மேல் இன்னும் 30,000 டாலருக்கும் அதிகமாகக் கட்ட வேண்டும். வகுப்பறை ஒன்றுதான், பேராசிரியரும் ஒருவர்தான், கட்டணம் மட்டும் மூன்று மடங்குக்கும் மேல். குடியிருப்பாளர் ஆக, பருவம் தொடங்குவதற்கு முன் ஓராண்டுக்கு மேல், அதாவது 366 நாளாவது, பெற்றோரும் பிள்ளையும் இங்கே தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். இங்கேயே தங்கும் எண்ணம் உண்டு என்பதற்கு ஓட்டுநர் உரிமம், மாநில வருமான வரிக் கணக்கு, வண்டிப் பதிவு போன்றவற்றைக் காட்ட வேண்டும். எச்-1பி வேலை விசாக்காரர்களுக்கும், அவர்கள் குடும்பத்துக்கான எச்-4 விசாக்காரர்களுக்கும் இந்தத் தகுதி கிடைக்கும். எஃப்-1 மாணவர் விசாவில் கிடைக்காது. அதனால் வந்த முதல் மாதத்திலேயே உரிமத்தையும் மற்ற காகிதங்களையும் மாற்றிவிடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் வந்து இறங்குகிற பிள்ளைக்கு ஒரே மாத இடைவெளியில்கூட இந்தத் தகுதி தவறிப்போகலாம்.

சரி, இப்போது கல்லூரி. என் கருத்தை நேரடியாகச் சொல்கிறேன். ஆங்கில மேஜருக்கு முதல் இரண்டு ஆண்டுகளைக் கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் உள்ளூர் அரசுக் கல்லூரியில் படித்துவிட்டு யூசிக்கோ, சிஎஸ்யூ எனப்படும் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கோ மாறிக்கொள்வதுதான் நல்ல வழி. ஃப்ரீமாண்டில் ஓலோனி, கூப்பர்டினோவில் டி ஆன்சா, லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸில் ஃபுட்ஹில் என்று வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. பாட அளவை யூனிட்டில் கணக்கிடுவார்கள். குடியிருப்பாளருக்கு ஒரு செமஸ்டர் யூனிட் 46 டாலர். மாறுவதற்குத் தேவையான 60 செமஸ்டர் யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர்தான். காலாண்டு முறையில் நடக்கும் டி ஆன்சா, ஃபுட்ஹில்லில் யூனிட் கணக்கு வேறு. வீட்டிலிருந்தே போய்வந்தால் விடுதிச் செலவும் மிச்சம். யூசியில் கல்விக் கட்டணத்தைவிட விடுதிக்கும் சாப்பாட்டுக்கும்தான் அதிகம் போகும்.

"கம்யூனிட்டி காலேஜா? ஊரில் என்ன சொல்வார்கள்?" என்று தயங்குபவர்கள் நிறையப் பேர். பட்டத்தில் அச்சாகும் பெயர் முடிக்கிற பல்கலைக்கழகத்தின் பெயர்தான். அதைவிட முக்கியமானது, எழுத்தைக் கற்றுக்கொள்ள ஒருவர் உட்கார்ந்து நம் கட்டுரையைத் திருத்தித் தர வேண்டும். இந்தக் கல்லூரிகளின் கட்டுரை வகுப்பில் ஏறக்குறைய முப்பது பேர் இருப்பார்கள், திருத்துபவர் ஆசிரியரே. பெரிய வளாகங்களில் தொடக்கநிலை இலக்கிய விரிவுரை பெரும் அரங்கில் நடக்கும். கட்டுரையைத் திருத்துவது பெரும்பாலும் முதுநிலை மாணவர். கணினி அறிவியல், பொறியியல் பிள்ளைகளுக்கு மாறுவதற்கு முன் கணிதம், இயற்பியல் என்று ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க வேண்டிய பாடங்கள் நீளும், இடத்துக்கும் கடும் போட்டி. ஆங்கிலத்துக்கு அந்தச் சுமை குறைவு. கட்டுரைப் பாடங்கள், பிரிட்டிஷ், அமெரிக்க இலக்கிய அறிமுகம் போன்ற சிலதான். எந்தப் பாடம் எந்த வளாகத்தில் எதற்கு ஈடு என்பதை அசிஸ்ட் என்ற இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு பருவமும் பாடம் எடுப்பதற்கு முன் அதைத் திறந்து பாருங்கள்.

கம்யூனிட்டி காலேஜிலிருந்து மாறும் மாணவர்களுக்கு டேக் என்று ஒரு ஏற்பாடு உண்டு. டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு யூசி வளாகங்களில் ஒன்றில் உத்தரவாத இடம் கேட்கலாம். விண்ணப்பம் செப்டம்பரில். மதிப்பெண் நிபந்தனை வளாகத்துக்கு வளாகம் மாறும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ இதில் இல்லை. அவற்றுக்குப் பொது விண்ணப்பம்தான்.

இந்த ஆறில் எது என்பதைத் தரவரிசை பார்த்து முடிவு செய்ய வேண்டாம். துறையின் பாடப்பட்டியலைப் பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். கதை, கவிதை எழுத ஆசை என்றால் ரிவர்சைடில் படைப்பெழுத்தே தனி மேஜராக உண்டு. சாண்டா குரூஸில் துறையின் பெயரே இலக்கியம். பல மொழி இலக்கியங்களைச் சேர்த்துப் படிக்க விரும்புகிற பிள்ளைக்கு ஏற்ற இடம். விமர்சனக் கோட்பாட்டில் ஆர்வம் இருந்தால் இர்வைன், பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெரிதா பல ஆண்டுகள் கற்பித்த வளாகம். வீட்டை விட்டுப் போக வேண்டாம் என்றால் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே அமெரிக்க நாவலாசிரியர் ஸ்டைன்பெக் பெயரில் ஆய்வு மையமும் உண்டு. சிஎஸ்யூ கட்டணம் யூசியில் பாதிகூட இல்லை. 2024-25இல் அது 6,084 டாலராக இருந்தது, அதோடு வளாகக் கட்டணம் தனி.

அப்புறம், பல ஆங்கிலத் துறைகள் வேற்றுமொழிப் பயிற்சியும் கேட்கும். வார இறுதித் தமிழ்ப் பள்ளியை நிறுத்திவிடாதீர்கள். தமிழ்த் தேர்ச்சியை ஏற்பார்களா என்று அந்தந்த வளாகத்தில் எழுதிக் கேளுங்கள். பெர்க்லியில் தமிழே பாடமாக நடக்கிறது.

எச்-4 குடும்பங்கள் கவனமாக இருக்க வேண்டிய ஒன்று 21 வயது. அன்றோடு பிள்ளையின் எச்-4 முடிந்துவிடும். பெரும்பாலும் எஃப்-1க்கு மாறுவார்கள். மாறினால் மாநிலக் கட்டணத் தகுதியும் கைவிட்டுப் போகலாம், அதுவும் மூன்றாம், நான்காம் ஆண்டில், செலவு கூடுதலாக இருக்கும் நேரத்தில். கிரீன் கார்டு வரிசை நீளமாக இருந்தால், பட்டத்தைச் சீக்கிரம் முடிப்பதற்கு இப்போதே திட்டமிடுங்கள். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே டூயல் என்ரோல்மென்ட்டில் கம்யூனிட்டி காலேஜ் பாடம் எடுக்கலாம், பகுதிநேரமாக எடுத்தால் யூனிட் கட்டணம் பெரும்பாலும் இல்லை. பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வுகளான ஏபியில் ஆங்கிலத் தேர்வுகளும் உதவும். குடியிருப்புத் தகுதியை முடிவு செய்யும் வளாக அலுவலரான ரெசிடென்ஸ் டெபுடியிடமும் குடிவரவு வழக்கறிஞரிடமும் முன்கூட்டியே பேசுங்கள். இன்னொன்று, எஃப்-1இல் படித்து முடித்தபின் வேலை செய்ய ஆங்கில மேஜருக்கு ஓபிடி எனப்படும் வேலை அனுமதி 12 மாதம்தான். அறிவியல், தொழில்நுட்ப மேஜர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் இதற்குக் கிடையாது. பிள்ளையிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

கூட்டாட்சி உதவித்தொகைக்கான ஃபாஃப்சா எச்-4 பிள்ளைகளுக்கு உதவாது, கிரீன் கார்டு இருந்தால் உதவும். தனியார் கல்லூரி என்றால் ஒவ்வொன்றின் தளத்திலும், உதவித்தொகை போக நீங்கள் கட்ட வேண்டியதைக் கணக்கிடும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கும். ஆனால் பல கல்லூரிகள் எச்-4 பிள்ளையை வெளிநாட்டு மாணவராகவே கணக்கில் எடுக்கும், அப்போது அந்தக் கணக்கு பொருந்தாது. ஆம்ஹெர்ஸ்ட், பிரின்ஸ்டன் போன்ற சில மட்டும் வெளிநாட்டு மாணவரையும் பண வசதி பாராமல் தேர்ந்தெடுத்து, தேவைக்கேற்ற உதவி தருகின்றன. இடம் கிடைப்பது மிகக் கடினம், விண்ணப்பிப்பதில் தவறில்லை.

எந்த விசா, எந்த மாதம் வந்தீர்கள், பிள்ளை எத்தனையாவது வகுப்பு, எப்போது 21 ஆகிறது: இந்த நான்கையும் கீழே எழுதுங்கள். உங்கள் நிலைமைக்கு எந்த வழி ஒத்துவரும் என்று சேர்ந்து பார்க்கலாம்.