அஞ்சல் வண்டிப் பாதையோரப் பழைய மரக்குடில்: பலகை உறையைக் கழற்றலாமா?

கேள்வி – மலைப்பாதை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், 1860களில் ஸ்டேஜ்கோச் எனப்படும் குதிரை வண்டிகள் ஓடிய பாதையோரம் நிற்கும் ஒரு மரக்குடிலைப் பராமரிக்கும் ஊர்க்குழுவில் இருக்கிறேன். பிற்காலத்தில் அறைந்த வெளிப்பலகைகளில் ஒன்றை நெகிழ்த்தியபோது, கோடரியால் செதுக்கிய முழு பைன் கட்டைகளும் அவற்றின் இடுக்குகளில் அடைத்த சிமென்டும் தெரிந்தன. வடக்குச் சுவரின் அடிக்கட்டை விரலால் அழுத்தினாலே பொடியாகிறது. பலகைகளை முழுவதும் கழற்றி, கட்டைகளுக்கு வார்னிஷ் பூசி, பழைய தோற்றத்தைக் காட்ட வேண்டும் என்று குழுவில் பலர் சொல்கிறார்கள். எதை முதலில் செய்வது?

பதில் – உளி

வார்னிஷ் டப்பாவைத் திறக்க வேண்டாம். அது ஈரத்தை மரத்துக்குள்ளேயே பூட்டி வைக்கும். அடிக்கட்டை மக்குவது பெரும்பாலும் இறவாரத்தில் வடியும் நீர் தரையில் பட்டுச் சுவரில் தெறிப்பதாலும், ஆண்டுக்கணக்கில் சேர்ந்த மண் கட்டையைத் தொடும் அளவுக்கு உயர்ந்துவிடுவதாலும்தான். ஆகவே மண்ணை வெட்டி நீக்கி, தரை சுவரைவிட்டு வெளிப்புறம் சரியும்படி செய்துவிட்டுத்தான் மரத்தில் கை வைக்க வேண்டும்.

அடுத்த எதிரி அந்தச் சிமென்ட். பருவந்தோறும் கட்டைகள் ஈரத்தில் உப்பிக் காய்ச்சலில் சுருங்கும், சிமென்டோ அசையாது. இரண்டுக்கும் நடுவே விழும் மயிரிழை வெடிப்பில் இறங்கும் மழைநீர் வெளியேற வழியின்றி மரத்தை அரிக்கிறது. அந்தக் காலத்தில் இடுக்கில் மரச் சிம்புகளையோ கல்லையோ செருகி, மேலே களிமண்ணும் சுண்ணாம்பும் மணலும் கலந்து, சில இடங்களில் விலங்கு மயிரும் சேர்த்துப் பூசினார்கள். வெடித்தால் மறுபடி பூசுவார்கள், அவ்வளவுதான். சிமென்டைச் சிறு உளியால் பொறுமையாக எடுங்கள், மின்சுத்தியல் கூடாது.

பதில் – பழங்கட்டடம்

பலகை உறையைக் கழற்ற வேண்டும் என்ற உங்கள் குழுவினரின் கருத்தில் நான் மாறுபடுகிறேன். டென்வரில் இன்றும் நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையதான ஃபோர் மைல் ஹவுஸ், 1859இல் செதுக்கிய கட்டைகளால் கட்டப்பட்டது. மேரி காக்கர் என்பவரும், 1864 முதல் பூத் குடும்பத்தாரும் அங்கே வண்டிப் பயணிகளுக்கு விடுதி நடத்தினார்கள். 1870இல் ரயில் வந்ததும் வண்டிகள் நின்றன, 1883இல் செங்கல் பகுதி ஒன்று சேர்ந்தது. மரக்கட்டைகள் பலகை உறைக்குள்தான் இருக்கின்றன; அதனால் அந்த வீட்டின் மதிப்பு குறைந்துவிடவில்லை. வசதி வந்தவுடன் கட்டைகளைப் பலகையால் மூடுவது அன்றைய குடியேறிகளின் வழக்கம். அதுவும் வரலாறுதான், போதாக்குறைக்கு மழையையும் தடுக்கிறது. பிற்காலத்தில் சேர்ந்தவையும் தமக்கென முக்கியத்துவம் பெற்றிருந்தால் காக்கப்பட வேண்டும் என்றே அமெரிக்க உள்துறையின் பாதுகாப்பு நெறிகளும் கூறுகின்றன. கட்டைகளைக் காட்டத்தான் வேண்டுமென்றால் உட்சுவரில் ஓரிடத்தைத் திறந்து வையுங்கள்.

மலைப்பாதை

உறையை விட்டுவைக்கக் குழுவைச் சம்மதிக்க வைக்க முடியும் என்று நினைக்கிறேன். மக்கிய கட்டையை முழுவதுமாக மாற்ற வேண்டுமா? குடில் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதிலும் சர்ச்சை உள்ளது.

பதில் – உளி

குத்தூசியால் கட்டை நெடுகக் குத்திப் பாருங்கள். மேல்மரம் மட்டும் மக்கி உள்ளே வைரம் உறுதியாக இருந்தால், மக்கியதைச் செதுக்கி எடுத்து அதே இன மரத்தில் முகப்பு ஒட்டினால் போதும். உள்வரை போயிருந்தால், சுவரை ஜாக்கியால் சிறிது சிறிதாகத் தூக்கி அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். புதிய கட்டையின் மறைவான பக்கத்தில் ஆண்டைப் பொறித்துவிடுங்கள். அதற்கு முன் ஒவ்வொரு கட்டைக்கும் எண்ணிட்டு, மூலைப் பொருத்துகளைப் படமெடுத்து வைப்பது அவசியம்.

ஆண்டு தெரிய மர வளையங்களை ஆராயச் செய்யலாம். பட்டை ஒட்டியிருக்கும் கட்டை ஒன்று கிடைத்தால் மரம் வெட்டிய ஆண்டையே சொல்லிவிடலாம். செதுக்கிய முகத்தில் வெளி வளையங்கள் போயிருக்கும் என்பதால் கட்டையின் மூலைவிளிம்புகளைத் தேடுங்கள்.

பதில் – பழங்கட்டடம்

செலவுக்கு மாநில வரலாற்று நிதியை அணுகுங்கள். 1990 வாக்கெடுப்பில் மூன்று பழைய சுரங்க ஊர்களுக்குச் சூதாட்ட அனுமதி கிடைத்தபோது, அதன் வரியில் ஒரு பங்கு பழங்கட்டடப் பாதுகாப்புக்கு ஒதுக்கப்பட்டது. சூதாட்டக் காசு என்று முகம் சுளிக்காமல் விண்ணப்பியுங்கள்.