தேர்தலில் நிற்க யோசிக்கும் அண்ணனுக்காகப் பணம் சேர்த்துவிட்டோம், இது சரியா?

ஈசூன் வாசி:
இங்கே சிங்கப்பூரில் எங்கள் பேட்டையில் ஒரு அண்ணன் இருக்கிறார். பல வருடமாக அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார், மின்தூக்கி பழுதானால் நகர மன்றத்துக்கு முதலில் போன் போடுவதும் அவர்தான். அடுத்த பொதுத்தேர்தலில் சுயேச்சையாக நிற்கலாமா என்று யோசிக்கிறார், இன்னும் முடிவு செய்யவில்லை. நாங்கள் 14 பேர் வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கி அவருக்காகப் பணம் சேர்க்க ஆரம்பித்துவிட்டோம். இதுவரை 2,360 வெள்ளி, எல்லாம் பேநவ் (கைப்பேசிவழி வங்கிப் பரிமாற்றம்) மூலம் என் சொந்தக் கணக்குக்குத்தான் வந்திருக்கிறது. கொடுத்தவர்களில் மூன்று பேர் நிரந்தரவாசிகள், ஒருவர் இங்கே வேலை அனுமதியில் இருக்கும் தம்பி. அவர் 20 வெள்ளி அனுப்பி "அண்ணனுக்காக, அக்கா" என்று எழுதியிருந்தார். நேற்று என் கணவர் இது சட்டப்படி சரியா என்று கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவர் இன்னும் வேட்பாளரே இல்லையே, அப்படியானால் விதி எதுவும் பொருந்தாதுதானே?

கணக்குப்பிள்ளை:
பொருந்தும். எல்லாரும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். 2025 தேர்தலில் ஒருவருக்குக் கணக்கு எழுதிக்கொடுத்தேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

வேட்புமனு தாக்கல் நாளில் அரசியல் நன்கொடைச் சான்றிதழைக் காட்ட வேண்டும். அதை வாங்க, அதற்கு முந்தைய 12 மாதங்களில் என்ன நன்கொடை வந்தது என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். அந்த 12 மாதத்தின் பெரும்பகுதியில் அவர் வேட்பாளர் இல்லை, உங்கள் அண்ணனைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதர்தான். முன்பு இதற்கு அரசியல் நன்கொடைச் சட்டம் என்று தனியாக இருந்தது, 2023 டிசம்பர் 29 முதல் வெளிநாட்டுத் தலையீட்டுக்கு எதிரான சட்டத்துக்குள் வந்துவிட்டது.

யார் கொடுக்கலாம்? 21 வயது நிறைந்த சிங்கப்பூர்க் குடிமக்கள், அப்புறம் சிங்கப்பூரர்களின் கையில் இருந்து பெரும்பாலும் இங்கேயே தொழில் நடத்தும் நிறுவனங்கள். நிரந்தரவாசி கொடுக்க முடியாது, வேலை அனுமதியில் இருப்பவரும் முடியாது. 20 வெள்ளிதானே என்று விட முடியாது. அந்தத் தம்பிக்கு மனம் நோகாமல் சொல்லித் திருப்பிக் கொடுங்கள்.

தேர்தல் நாளைக்கே இல்லை, 12 மாதத்துக்கு வெளியேதானே இந்தப் பணம் இருக்கும் என்று நினைக்கலாம். ஆனால் பணம் இப்போது உங்கள் கணக்கில் இருக்கிறது, அவர் கையில் இல்லை. நீங்கள் என்றைக்குத் தூக்கிக் கொடுக்கிறீர்களோ அன்றைக்குத்தான் அது அவருக்கு வந்த நன்கொடை. அன்று யாருடைய பணம் என்று சொல்ல முடியாவிட்டால் அது பெயர் தெரியாத நன்கொடை ஆகிவிடும். அந்த வகையில் அவர் மொத்தமாக 5,000 வெள்ளிக்குக் குறைவாகத்தான் வாங்கலாம். ஒருவரே 10,000 வெள்ளி அல்லது அதற்கு மேல் கொடுத்தால் பெயரோடு அறிக்கையில் வரும்.

பணம் மட்டும் நன்கொடை இல்லை. நான் கணக்கு எழுதிய இடத்தில் ஒரு கடைக்காரர் தண்ணீர்ப் பெட்டிகளை இறக்கிவிட்டு "விலையெல்லாம் வேண்டாம்" என்று போய்விட்டார், மறுநாள் அவர் கடைக்கே போய் விலை கேட்டு எழுதிக்கொண்டு வந்தோம். பிஸ்கட் டின் ஒன்றில் ரசீதுகளைப் போட்டு வைத்திருந்தேன், தேர்தல் முடிவு அரசிதழில் வந்து 31 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுக்க அந்த டின்தான் காப்பாற்றியது. ஆனால் ஒருவர் தன் சொந்த நேரத்தில் சம்பளம் வாங்காமல் தொண்டூழியம் செய்வது நன்கொடையில் சேராது, அதனால் உழைப்பைத் தாராளமாகக் கொடுங்கள்.

தெம்பனிஸ் அப்பா:
குழு என்பதையும் கவனியுங்கள் தங்கச்சி. 10 பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்தாலே சங்கங்கள் சட்டம் எட்டிப் பார்க்கும், நீங்கள் 14 பேர். பெயர் வைத்து, பொதுப் பணம் வைத்து, அரசியல் நோக்கத்தோடு நடத்தினால் அது வெறும் அரட்டைக் குழு இல்லை. 2010-ல் மாருவா என்ற மனித உரிமை அமைப்பையும் 2011-ல் தி ஆன்லைன் சிட்டிசன் என்ற இணையச் செய்தித் தளத்தையும் அரசியல் சங்கமாக அரசிதழில் அறிவித்தார்கள். இரண்டும் கட்சி கிடையாது. ஆனாலும் நன்கொடை விதிகள் அவற்றின் மேல் வந்து உட்கார்ந்தன.

அவர் முகத்தைப் போட்டு டீ-சட்டை, பதாகை அடித்துவிடாதீர்கள். தேர்தல் செலவு என்பது தேர்தலுக்கு முன், நடக்கும்போது, பின் என்று மூன்றையும் சேர்த்துத்தான். 2025-ல் ஒரு வாக்காளருக்கு 5 வெள்ளி உச்சவரம்பு, முன்பு 4 வெள்ளி. 25,000 வாக்காளர் உள்ள, ஒரே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தனித்தொகுதியில் 1,25,000 வெள்ளி. கேட்க நிறைய என்று தோன்றினாலும் ஆர்வத்தில் நண்பர்கள் செய்யும் செலவை அவர் பிறகு தேடிப் பொறுக்க முடியாது. தேர்தல் நடத்தச் சொல்லும் ஆணை பிறந்த பிறகு பிரசாரம் செய்ய வேட்பாளரோ அவருடைய தேர்தல் முகவரோ கையெழுத்திட்ட அனுமதி வேண்டும், அதுவும் குடிமக்களுக்குத்தான். ஓட்டுக்காக கோப்பிக்கடையில் வாக்காளர்களுக்கு விருந்து வைப்பது இன்னும் பெரிய குற்றம், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அமெரிக்க மாப்பிள்ளையின் மாமனார்:
அமெரிக்காவிலும் இதே தலைவலிதான். 2022-ல், அப்போது புளோரிடா ஆளுநராக இருந்த ரான் டிசாண்டிஸ் அதிபர் தேர்தலில் நிற்பதாக அறிவிக்கும் முன்பே, அவரை நிற்கச் சொல்லி ஒரு குழு கையெழுத்து வாங்கியது. கையெழுத்துப் போட்டவர்களின் தொடர்பு விவரப் பட்டியலை அவரிடம் கொடுக்கலாமா என்று கூட்டரசுத் தேர்தல் ஆணையத்தைக் கேட்டார்கள். அந்தப் பட்டியலுக்கே பண மதிப்பு உண்டு, நன்கொடை வரம்பைத் தாண்டக் கூடாது என்று ஆணையம் சொல்லிவிட்டது. வெறும் பெயர்ப் பட்டியலுக்கே அப்படி. இங்கே அதே விதி இல்லை, ஆனால் ஆள் இன்னும் இறங்கவில்லை என்பதால் ஆதரவாளர்கள் தப்ப முடியாது என்பது இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

ஈசூன் வாசி:
எல்லாருக்கும் நன்றி. அண்ணனிடம் போய்ச் சொன்னேன், அவர் ஒரு நிமிடம் பேசவில்லை, அப்புறம் "எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்துடும்மா, நான் முடிவெடுத்தால் நானே தேர்தல் துறையில் கேட்டுவிட்டு என் பெயரில் கணக்குத் திறக்கிறேன்" என்றார். நேற்றிரவு பணம் கொடுத்திருந்த 31 பேருக்கும் ஒவ்வொருவராகப் பேநவ் செய்தேன். தம்பிக்கு 20 வெள்ளி அனுப்பியபோது உடனே போன் செய்தார், ஏன் அக்கா என் பணம் வேண்டாமா என்று. அரை மணி நேரம் பேசி விளக்கினேன். சனிக்கிழமை வகுப்புக்கு நாற்காலி அடுக்க அவரும் வருகிறாராம்.