அம்மா அப்பாவை விண்வெளித் தொடர் பார்க்க வைத்தவர்கள் இருக்கிறீர்களா?

உப்புவெளி வாசகி:

இதை யாரிடமாவது சொன்னால்தான் மனம் ஆறும். அம்மாவுக்கு ஸ்டார் ட்ரெக் காட்டினேன். பிக்கார்ட் கப்டனாக வரும் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்'. மாலை சீரியல் தொடங்கினால் வாசலில் யார் கூப்பிட்டாலும் எழும்பாதவர் என் அம்மா. "கூர்க் காது வைத்தவர்களை எல்லாம் நான் ஏன் பார்க்க வேண்டும்?" என்று எத்தனையோ தடவை தட்டிக் கழித்திருக்கிறார். முதலாவது சீசனிலிருந்து தொடங்கினால் பத்து நிமிடத்தில் போய்விடுவார் என்று தெரியும். ஆகவே ஐந்தாவது சீசனில் வரும் 'தி இன்னர் லைட்' என்ற ஒரு அத்தியாயத்தை மட்டும் போட்டேன்.

பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். பிக்கார்ட் மயங்கி விழுகிறார். விழித்தால் வறண்டுபோன ஒரு கிரகத்தில், காமின் என்ற பெயரில், எலீன் என்ற பெண்ணின் கணவராக இருக்கிறார். பிள்ளை பெற்று, குழல் ஊதப் பழகி, அங்கேயே கிழவராகிவிடுகிறார். கப்பலில் கழிந்ததோ இருபத்தைந்து நிமிடம்.

அம்மா சுளகை மடியில் வைத்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். திரையை அரைக்கண்ணால்தான் பார்த்தார். எலீன் சாகும் கட்டம் வந்தது. கணவன் பக்கத்தில் இருக்கிறான். அவள் கடைசியாகச் சொல்வது, "சப்பாத்தை எடுத்து வை, மறந்துவிடாதே" என்பதுதான். அம்மாவின் விரல்கள் காம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டன. அப்பா இருந்த காலத்தில் வேலை முடிந்து வந்ததும் செருப்பை விறாந்தைப் படியில் குறுக்கே கழற்றிவிட்டுப் போவார். அதற்காக அம்மா திட்டாத நாள் இல்லை.

முடியும் வரை ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை இடியப்பம் பிழிந்துகொண்டே கேட்டார்: "அந்த மனிதன் பிறகு சப்பாத்தை எடுத்து வைத்தானா?" அதைக் காட்டவில்லை அம்மா என்றேன். "அப்படியென்றால் வைத்திருக்க மாட்டான்" என்றார்.

அதற்குப் பிறகு நான் அந்தக் கட்டத்தைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன். உங்கள் வீடுகளிலும் இப்படி ஏதாவது நடந்ததா?

திருக்கடலூர்:

நடந்தது, சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று. நடுவிலிருந்து ஒரு அத்தியாயத்தை உருவிக் காட்டுவதை நான் ஏற்கமாட்டேன். அந்தக் கப்டன் குடும்பமே வேண்டாம் என்று வாழ்கிறவர், பிள்ளைகளோடு பழகத் தெரியாதவர் என்பதை நான்கு சீசன்களாகப் பார்த்தவனுக்குத்தான், அவர் பேரப்பிள்ளையோடு இருக்கும்போது தொண்டை அடைக்கும். உங்கள் அம்மா எலீனைப் பார்த்தார். பிக்கார்ட்டை அவர் இன்னும் பார்க்கவில்லை.

என் அப்பா கடல் தொழில் செய்தவர். 'தி எக்ஸ்பான்ஸ்' தொடரை முதலாவது அத்தியாயத்திலிருந்தே போட்டேன். ராக்கெட் படம் பார்க்கிற வயதா எனக்கு என்று கதிரையை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் கப்பல்கள் போகும் விதம் அவரைப் பிடித்துவிட்டது. பாதித் தூரம் எஞ்சின் தள்ளுகிறது. பிறகு கப்பல் பின்பக்கமாகத் திரும்பி, மீதித் தூரம் அதே எஞ்சினால் வேகத்தைக் குறைக்கிறது. ஏன் என்று நான் சொல்லத் தேவைப்படவில்லை. "எஞ்சினை நிறுத்தினால் எங்கள் படகைத் தண்ணீரே பிடித்து நிறுத்தும். அங்கே பிடிக்க ஒன்றும் இல்லை" என்று அவரே சொன்னார். கதிரை திரும்பிவிட்டது.

பிறகுதான் அந்த இடம். சனியின் வளையத்திலிருந்து பனிக்கட்டி ஏற்றி வரும் கன்டர்பரி கப்பலுக்கு ஆபத்து அழைப்பு ஒன்று கேட்கிறது. கேட்காததுபோல் போய்விடத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அந்தக் கப்பலின் அதிகாரி ஹோல்டன் மட்டும் இரவில் தனியே இருந்து, அழைப்பு வந்ததைப் பதிவேட்டில் ஏற்றிவிடுகிறான். பதிந்துவிட்டால் போயே தீரவேண்டும், அது சட்டம்.

அப்பா நிறுத்தச் சொன்னார். "கடலில் ஒருவன் கூப்பிட்டால் போகத்தான் வேண்டும்" என்றார். சிறிது நேரம் கழித்து, "நாங்கள் ஒரு தடவை போகவில்லை" என்றார். எந்த வருடம், யாருடைய படகு, ஏன் போகவில்லை, ஒன்றுமே சொல்லவில்லை. போடு என்று கையைக் காட்டினார். போட்டேன்.

போர் நடந்தபோது இரவில் கடலுக்குப் போகத் தடை இருந்த காலத்தை இந்த ஊரில் எல்லோரும் அறிவார்கள். அதுவாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். எனக்கு அந்த ஒரு வசனம் இன்றைக்கும் காதுக்குள் நிற்கிறது.

உவர்மலை:

என் கதை சின்னது. அம்மா தொலைபேசி இணைப்பகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். 1966 இல் தொடங்கிய பழைய ஸ்டார் ட்ரெக்கைக் காட்டினேன். கப்பலின் தொடர்பாடல் அதிகாரி உஹூரா காதுக் கருவியை விரலால் அழுத்திக்கொண்டு மற்றக் கையால் ஆளிகளைத் தட்டியதைப் பார்த்ததும், "இவள் வேலை தெரிந்தவள்" என்றார். அன்றிலிருந்து உஹூராவுக்காகவே பார்க்கிறார். அவர் வராத அத்தியாயம் என்றால் எழும்பிப் போய்விடுவார்.

இதை வைத்துச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும். பெற்றோர் என்ன தொழில் செய்தார்களோ அந்தத் தொழில் வரும் தொடரைத் தெரிவு செய்யுங்கள். தாதியாக இருந்தவருக்கு மருத்துவர் வரும் கதை, துறைமுகத்தில் நின்றவருக்குச் சரக்குக் கப்பல் வரும் கதை. விண்வெளியை அவர்கள் பிறகு பார்த்துக்கொள்வார்கள், முதலில் வேலையைத்தான் பார்ப்பார்கள். ரிமோட்டை அவர்கள் கையில் கொடுங்கள். நிறுத்தும் உரிமை தங்களிடம் இருக்கிறது என்று தெரிந்தால் நிறுத்தாமல் பார்ப்பார்கள். திரையின் அடியில் ஓடும் வசன எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள், மஞ்சள் நிறத்தில் வையுங்கள். வெள்ளை எழுத்து வெள்ளைக் கப்பல்மேல் விழுந்தால் கண்ணாடி போட்டாலும் தெரியாது. கதையை முன்கூட்டியே சொல்லாதீர்கள், யாருக்கு யார் என்ன உறவு என்பதை மட்டும் சொல்லிவையுங்கள். இராச்சாப்பாட்டுக்குப் பிறகு வேண்டாம், தூங்கிவிடுவார்கள். ஞாயிறு பின்னேரம் தேநீரோடு தொடங்குங்கள். கைத்தொலைபேசியில் காட்டவே கூடாது.

நம் திருகோணமலைக்காரருக்கு இன்னொன்றும் இருக்கிறது. ஆர்தர் சி. கிளார்க்கைப் பற்றிச் சொல்லுங்கள். 1956 இல் இலங்கைக்கு வந்து குடியேறிய அந்த எழுத்தாளர்தான் நண்பர் மைக் வில்சனோடு கோணேசர் கோயில் மலைக்கடியில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்த பழைய கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டவர். விண்வெளிக் கதை எழுதியவர் நம் கோயில் கல்லைத் தொட்டவர் என்று தெரிந்தால் எந்த அம்மாவும் ஒரு அத்தியாயமாவது பார்ப்பார்.

திருக்கடலூர் அன்பரே, அப்பாவிடம் அந்தப் படகைப் பற்றி உடனே கேளுங்கள். குரலைப் பதிவு செய்துவையுங்கள். பிறகு கேட்க ஆள் இருக்காது.

பாலையூற்று:

உறவை மட்டும் சொல்லிவையுங்கள் என்கிறார் உவர்மலை. 'டார்க்' தொடருக்கு அதைச் சொன்னால் கதையே முடிந்துவிடும்!

என் அம்மாவுக்குப் போட்டது அந்த ஜெர்மன் தொடர்தான். 1953, 1986, 2019 என்று முப்பத்து மூன்று வருட இடைவெளியில் கதை நடக்கும். இளம் பிள்ளைகளே தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். அம்மா நாட்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் நான்கு குடும்பத்தையும் எழுதிவிட்டார். ஊரில் எந்தக் கல்யாணம் பேசினாலும் முறை பார்க்க அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள், இது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. காணாமற்போன சிறுவன் மிக்கேல் 1986 க்குப் போய் அங்கே வளர்ந்து, தன் அக்கா மார்த்தாவைக் காதலிக்கும் யோனாஸின் தகப்பனாகிறான் என்பது வெளிப்பட்டபோது, நான் வாய் திறக்க முன்னரே, "அப்படியென்றால் மார்த்தா அவனுக்கு மாமி முறை. உடனே நிறுத்தச் சொல்" என்றார்.

என்னை உறுத்துவது அதுவல்ல. யோனாஸுக்கு உண்மை தெரிந்துவிட்டது. மிக்கேலின் தாய் கதரினா மகனைத் தேடிக்கொண்டே இருக்கிறாள். அவளிடம் அவன் சொல்லவில்லை. அம்மா பென்சிலை வைத்துவிட்டார். "தாய் தேடுகிறாள். தெரிந்தவன் வாய் திறக்காமல் இருக்கிறான். இவன் நல்லவனா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார், நான்தான் அந்தக் கதையை எழுதியதுபோல. பெரியம்மாவின் மகனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. பெரியம்மா படத்தைப் பிடித்துக்கொண்டு ஏறாத படி இல்லை. நான் யோனாஸுக்காகப் பேசத் தொடங்கினேன். சொன்னால் தான் பிறக்காமலே போய்விடலாம், காலம் குழம்பும் என்றெல்லாம் விளக்கினேன். "காலம் குழம்பட்டும். தாயிடம் சொல்ல வேண்டும்" என்றார் அம்மா.

தொடர் முழுவதும் பார்த்து முடித்தார். யோனாஸை மட்டும் கடைசிவரை மன்னிக்கவே இல்லை.

மூதூர்:

பாலையூற்று சகோதரி, நான் 'டார்க்' முதலாவது சீசனின் தொடக்கத்தில்தான் நிற்கிறேன். மிக்கேல் யார் என்பதை இப்படிப் போட்டு உடைக்கலாமா? மேலே ஒரு வரி எச்சரிக்கை எழுதியிருந்தால் கண்ணை மூடியிருப்பேன்.

என் வாப்பா டிஷ் அன்டெனா பூட்டுகிறவர். உவர்மலை சொன்னபடி தொழில் பார்த்துத்தான் தெரிவு செய்தேன், அதனாலேயே ஸ்டார் ட்ரெக் வாப்பாவிடம் எடுபடவில்லை. இரண்டு கப்பலும் எங்கெங்கோ நிற்கின்றன, திரையில் நேருக்கு நேர் கதைக்கிறார்கள். "செய்மதி 36,000 கிலோமீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. அதற்குப் போய் வரவே கால் செக்கன் எடுக்கும். இவர்களுக்கு மட்டும் எப்படி?" என்று வாப்பா எழும்பிவிட்டார். கிளார்க்கின் பெயரும் உதவியது, ஆனால் கோயில் கல்லால் அல்ல. அந்த உயரத்தில் மூன்று செய்மதிகள் நின்றால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று 1945 இலேயே எழுதியவர் அவர்தான் என்றேன். வாப்பா வெளியே போய்க் கூரையில் இருந்த டிஷ்ஷை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார். "அப்போது ஒரு செய்மதிகூடப் போகவில்லையே" என்றார்.

பிறகு எக்ஸ்பான்ஸ் போட்டேன். அதில் பூமியிலிருந்து செய்தி அனுப்பினால் பதில் வரக் காத்திருக்க வேண்டும். "இது உண்மை தெரிந்தவன் எடுத்தது" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உம்மா சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழும்பவில்லை. தொடரைத் தெரிவு செய்வதில் திருக்கடலூர் பக்கம்தான் நான்.

உப்புவெளி வாசகி:

பிக்கார்ட்டை அம்மா இன்னும் பார்க்கவில்லை என்று திருக்கடலூர் எழுதியது எனக்குச் சுட்டது. ஆனால் எனக்கு அம்மா பிக்கார்ட்டைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இல்லை. அம்மாவும் நானும் ஒன்றாக ஒன்றைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான். நான்கு சீசன் முடியட்டும் என்று காத்திருந்தால் அந்த ஒரு மாலையும் கிடைத்திருக்காது. நீங்கள் அப்பாவோடு முதலாவது அத்தியாயத்திலேயே அந்த இடத்துக்கு வந்துவிட்டீர்கள். எல்லோருக்கும் அப்படி அமையாது.

திருக்கடலூர்:

சரி, அதை ஏற்கிறேன்.

உவர்மலை அன்பருக்கு: நீங்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனால் நான் கேட்க மாட்டேன். அவர் சொன்னது என் காதில் விழுந்தது என்று அப்பாவுக்குத் தெரியும். சொல்ல வேண்டும் என்றால் அவரே சொல்வார். அதற்குக் கருவியைக் கொண்டுபோய் முகத்துக்கு நேரே நீட்ட என்னால் முடியாது. இப்போது இரண்டாவது சீசனில் நிற்கிறோம். செவ்வாய்க் கிரகத்துக்காரி பொபி அவருக்குப் பிடித்துவிட்டது, அவள் வராவிட்டால் எங்கே என்று கேட்கிறார்.

மூதூர்க்காரரே, வாப்பாவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள்: எங்கள் டிஷ்ஷில் மழை நாளில் படம் உறைந்துபோகிறது, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்?