டென்ட்டுக்குள் ஈரம், வெளியே கொசு: இரண்டுக்கும் மருந்து காற்றுதான்

அன்று இரவு மழையே இல்லை. காலையில் பார்த்தால் டென்ட்டின் மேல்விரிப்பு உள்பக்கம் முழுக்க நீர்த்துளி, ஸ்லீப்பிங் பேக்கின் கால்மாடு சொதசொதவென்று ஈரம். கூட வந்த நண்பர் "டென்ட் ஒழுகுது" என்று முடிவு கட்டிவிட்டார். தையல்களில் எல்லாம் பசை தடவி, அடுத்த முறை ஜன்னலையும் இழுத்து மூடிக்கொண்டு படுத்தார். ஈரம் முன்பைவிட அதிகமானது.

ஒழுகியது மழை இல்லை, எங்கள் மூச்சு. மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் ஒரு ஆள் ஒரே இரவில் சுமார் ஒரு டம்ளர் தண்ணீரை ஆவியாக விடுகிறார். வானம் தெளிந்து, காற்று அசையாத இரவில் மேல்விரிப்பு வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். ஆவி அதில் படுவதுதான் தாமதம், துளியாகிவிடும்.

"சரி, ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்றால் உடனே வரும் பதில், "கொசு!" பெரும்பாலான டென்ட்களில் வலைக்கு ஒரு ஜிப், துணிக்கு ஒரு ஜிப் என்று தனித்தனியாக இருக்கும். வலை எப்போதும் மூடியே இருக்கட்டும். துணியை மழை, சாரல் இல்லாதவரை திறந்தே வையுங்கள். கீழே ஒரு திறப்பு, உச்சியில் ஒரு திறப்பு இருந்தால் வெதுவெதுப்பான ஈரக்காற்று மேலே ஏறித் தானாக வெளியே போய்விடும்.

ஆனால் என் கணக்கில் பாதி வேலை டென்ட் அடிக்கும் இடத்திலேயே முடிந்துவிடுகிறது. ஓடைக்கரை பார்க்க அழகுதான். இரவில் குளிர்ந்த ஈரக்காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்கும், கொசுவும் அங்கேதான் இருக்கும். கொஞ்சம் மேடான, இளங்காற்று வீசும் இடத்துக்கு நகர்ந்தால் இரண்டு தொல்லையும் சேர்ந்தே குறையும். கொசு பறக்கும் வேகம் நாம் நடக்கும் வேகத்தைவிடக் குறைவு. லேசான காற்றிலேயே தடுமாறும். அதே காற்று டென்ட்டுக்குள் இருக்கும் ஆவியையும் வெளியேற்றும். மரக்கிளைகளுக்கு அடியில் என்றால் பனி இன்னும் குறையும், இலைகள் வானத்தை மறைத்துவிடும். காய்ந்த கிளை தலைக்கு மேலே தொங்குகிறதா என்று மட்டும் அண்ணாந்து பாருங்கள்.

கொசு உள்ளே வருவது பெரும்பாலும் நம்மோடுதான். நாம் விடும் கரியமில வாயுவை மோப்பம் பிடித்து வலைக்கும் மேல்விரிப்புக்கும் நடுவில் உட்கார்ந்து காத்திருக்கும். நான் முதலில் விளக்கை அணைப்பேன், ஒரு துண்டை வலைப்பக்கம் நன்றாக வீசிக் கொசுவை விரட்டுவேன், உடல் நுழையும் அளவுக்கு மட்டும் ஜிப்பைத் திறந்து உள்ளே போய் மூடுவேன். அப்புறம்தான் விளக்கு. சிவப்பு விளக்கு இருந்தால் இன்னும் நல்லது, வெள்ளை வெளிச்சத்துக்கு வருவதுபோல் விட்டில்கள் மொய்க்காது. படுக்கும்போது முழங்கை வலையில் ஒட்டாமல் இருக்கட்டும். வலைக்கு வெளியே இருந்தபடியே கடிக்கும்.

கொசுவர்த்தியோ அடுப்போ டென்ட்டுக்குள் வேண்டவே வேண்டாம். நைலான் துணி நொடியில் பற்றிக்கொள்ளும், அடுப்பின் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரை எடுக்கும்.

*

மறுமொழி: எனக்குக் கொசுவைவிடத் தொல்லை கொடுத்தது பொடிப்பூச்சி. சில மில்லிமீட்டர்கூட இல்லாத அந்தப் பூச்சிகள் சாதாரண கொசுவலைக்குள் சுலபமாக நுழைந்துவிடுகின்றன. நெருக்கமான கண்ணுள்ள வலை வாங்கிய பிறகு கடி நின்றது, ஆனால் காற்று குறைந்து ஈரம் கூடிவிட்டது. இதற்கு என்ன செய்கிறீர்கள்? இன்னொன்று, டீட் உள்ள பூச்சி விரட்டியைக் கையில் தடவிவிட்டுக் கண்ணாடியைத் தொட்டதில் பிளாஸ்டிக் ஃபிரேம் பிசுபிசுவென்று உருகிவிட்டது.

*

மறுமொழி: டீட் பிளாஸ்டிக்கை அரிக்கும், கடிகார வார்கூடத் தப்பாது. பிக்காரிடின் கலந்தது வாங்கினால் அந்தப் பிரச்சினை இல்லை. பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி துணிக்கு மட்டும், தோலில் கூடாது. தெளித்த துணி காயும்வரை பூனை பக்கத்தில் வரக்கூடாது, மிச்சத்தை ஓடையில் கொட்டினால் மீன் சாகும்.

பொடிப்பூச்சி உள்ள இடத்தில் ஈரத்தை முழுதும் ஒழிக்க முடியாது, குறைக்கத்தான் முடியும். நனைந்த சட்டை, ஷூவை உள்ளே வைக்காதீர்கள். மேல்விரிப்பின் கயிறுகளை இறுக்கிக் கட்டி, அது உள்வலையில் ஒட்டாமல் இடைவெளி விடுங்கள். துளி வழிந்து ஓரமாகத் தரையில் இறங்கிவிடும். ஸ்லீப்பிங் பேக்குக்குள் முகத்தைப் புதைத்து மூச்சு விடக்கூடாது, இறகுப் பேக் நனைந்தால் குளிர் தாங்காது. காலையில் மடிக்கும் முன் ஒரு உலர்ந்த துணியால் மேல்விரிப்பின் உள்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்த அன்றே விரித்துக் காயப்போடுங்கள், ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து நாறும்.